சீமோலைத் தூக்கிய கை

என் கணவர் குமிலாரின் கைகள் மிகத் துணிச்சலானவை. படங்களில் மட்டும். ஏனென்றால் படங்களில் இருப்பவை என் கைகள்.

இந்தோனேசியாவில் எங்கள் ஊரான பாண்டுங்கில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டாகோ சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஓடுகிறவர்கள் ஓட, தின்கிறவர்கள் தின்ன, மர நிழலில் ஊர்வனக் குழுக்காரர்கள் தோளில் பாம்பும் தலையில் ஓணானுமாக நிற்பார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் பாம்பை வாங்கிக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். போன வருடம் அப்படி ஒரு காலையில், முன்பின் தெரியாத ஒரு பெண் என் கணவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க பாம்பு வளர்க்கிறவர்தானே? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பாம்பு வாங்கிவிட்டார். அந்தப் பெண், பாம்பு விற்றவனின் மனைவி.

விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். தெருமுனையில் பொரித்து விற்கிற மரவள்ளிமாவு உருண்டை மாதிரியே இருந்ததால் அந்த உருண்டையின் பெயரையே வைத்தேன்: சீமோல். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்கவேண்டிய நேரத்தில் அவருக்கு அவசரமாக ஃபோன் வந்தது. ஃபோன் என்னவோ மேசைமேல் அணைந்துதான் கிடந்தது. நான் திறந்தேன். அன்றிலிருந்து தண்ணீர் மாற்றுவது, எலி போடுவது, தூக்கிக் கொஞ்சுவது எல்லாம் நான். குழுவின் வாட்ஸாப்பில் படம் போடுவது அவர்.

தையல் கடையில் உழைத்து உரமேறிய கைகள் என்னுடையவை. நகமும் வளர்ப்பதில்லை. படத்தில் என் முகத்தை வெட்டிவிட்டால் யார் கை என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வலது மணிக்கட்டில் வாழைப்பழம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று உண்டு. அதை வெட்ட மறந்துவிட்டார். "அண்ணே, அது பாம்பு கடிச்ச தழும்பா?" என்று ஒருவன் கேட்டான்.

"அதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்லை தம்பி" என்று பதில் போட்டார்.

கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. ஏதோ பெரிய பாம்பு, பெரிய சோகம் என்று குழு முடிவு செய்துகொண்டது.

பிறகு ஒரு நாள் குழுத்தலைவர் ஜாஜாங்கின் செய்தி வந்தது. "குமிலார் அண்ணே, எத்தனை நாள் படத்திலேயே பார்க்கிறது? இந்த ஞாயிறு சீமோலோட வந்துடுங்க."

குழுவில் ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர் எல்லோரும் சூழ்ந்து நிற்க நடுவில் நின்று, தன் பாம்பைத் தானே பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கையுறை கூடாது. கடி வாங்கினால் அத்தனை பேருக்கும் பக்ஸோ வாங்கித் தர வேண்டும். இறைச்சி உருண்டையும் சூப்புமாக ஆளுக்கொரு கிண்ணம்.

"காய்ச்சல்னு சொல்லிடட்டுமா?" என்றார் என் கணவர்.

"போன தடவையும் காய்ச்சல்தான். அதுக்கு முந்தினதும் காய்ச்சல்தான். இனிமே டெங்குதான் பாக்கி."

"நீ சிரிக்கிற, ரெங்கானிஸ். ஆபீஸ்ல என்னை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடறதில்லை. 'ஏழாம் கவுன்ட்டர்'ங்கறாங்க. வாட்ச்மேன்கூட அப்படித்தான். அந்தக் குழுவில மட்டும்தான் நான் அண்ணன். அன்னிக்கு கை நடுங்கிச்சுன்னா அதுவும் போச்சு."

நான் சிரிப்பை நிறுத்தினேன். கொஞ்ச நேரம்தான்.

மறுநாள் அவர் சந்தையிலிருந்து உயிருள்ள விலாங்கு மீன்களை வாங்கி வந்தார். வழுவழுப்பாக நெளிகிற எதையாவது பிடித்துப் பழகினால் பயம் தெளிந்துவிடுமாம். முதல் மீன் கையிலிருந்து நழுவிச் சமையலறைத் தரையில் பாய்ந்தது. அவர் நாற்காலிமேல் பாய்ந்தார். அங்கிருந்தே, "பிடி, பிடி!" என்று எனக்குப் பயிற்சி கொடுத்தார். இரவு அதைப் பொரித்து மிளகாய்ச் சாந்தோடு வைத்தேன். தட்டில் கிடந்தபோது வெகு தைரியமாகக் கையாண்டார்.

"மீனெல்லாம் வேண்டாங்க. சீமோலையே தொடுங்க" என்றேன். "பருந்து மாதிரி மேலேருந்து கையைக் கொண்டு வராதீங்க, அது பயப்படும். பக்கவாட்டில வந்து, அடியில கையைக் கொடுங்க."

"அது பயப்படுதா? அது?"

"பந்தாச் சுருண்டிருக்கே, பார்க்கலையா? நீங்களும்தான் தோளைச் சுருக்கிட்டு நிக்கிறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நான்தான் தைரியமா இருக்கணும்போல."

முதல் நாள் ஒரு விரல் வால் நுனியைத் தொட்டது. தொட்டதும் ஓடிப்போய் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். அடுத்தடுத்த நாள்களில் ஒரு விரல் நான்கு விரல் ஆயிற்று. சனிக்கிழமை கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கியேவிட்டார். கண்ணைத் திறந்து கையில் இருப்பதைப் பார்த்ததும் என் மடியில் போட்டார். ஒவ்வொரு முறையும் சோப்பு மட்டும் தவறவில்லை.

ஞாயிறு வந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். தழும்பு இல்லாத மணிக்கட்டை மறைக்க வேண்டுமே! சீமோலைத் தலையணை உறையில் போட்டு நான் சுமந்து வந்தேன்.

மரத்தடியில் குழுவே கூடியிருந்தது. "வாங்க அண்ணே!" என்ற குரல்களைக் கேட்டதும் ஏழாம் கவுன்ட்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. அங்கே ஒருவர் பாம்புத் தீனிக்காக எலிப்பெட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். என் கணவர் அனுபவசாலியின் நடை நடந்து போய், பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு எலியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "ரொம்பக் கொழுப்பு. இதைப் போட்டா சீமோலுக்குச் செரிக்காது" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். எலியைப் போட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து உறையை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

பாம்பைத் தொட்டால் முழங்கைவரை கழுவுகிற மனுஷன்!

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "என்னங்க, கையைக் கழுவிட்டு..." என்பதற்குள் உறையை அவிழ்த்துவிட்டார். நான் சொன்னபடியே, பக்கவாட்டில், அடியில், நடுங்காமல் கையைக் கொடுத்தார். எல்லாம் சரிதான். எலி வாசனை மட்டும்தான் அதிகம். போன எலி தின்று நாளான சீமோல், கட்டைவிரலை எலி என்று நினைத்துக் கவ்வி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

கூட்டம் "ஐயோ" என்றது. அவர் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

"இழுக்காதீங்க! பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், இழுத்தா கிழிச்சிடும். அப்படியே அசையாம நில்லுங்க" என்று நான் ஓடிப்போய் அதன் தலையை மெதுவாக முன்னால் தள்ளினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சீமோல் வாயைத் திறந்தது. சுருளைப் பிரித்து என் கையில் ஏற்றிக்கொண்டேன்.

அவர் கட்டைவிரலையே பார்த்தார். சின்னச் சின்னப் புள்ளிகளாக ரத்தம்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா நான் ஒரு வருஷமா பயந்தேன்?"

"ஒரு வருஷமாவா?" என்று ஜாஜாங் நிமிர்ந்தார். காயத்தைக் கழுவத் தண்ணீர் பாட்டிலோடு வந்தவர், என் கணவரின் சட்டைக் கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டைப் பார்த்தார். அடுத்த கையையும் சுருட்டினார். "அண்ணே, அந்தப் பழைய தழும்பு எங்கே?"

என் கணவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு ஜாஜாங்கின் கண் சீமோல் சுற்றியிருந்த என் மணிக்கட்டுக்கு வந்தது.

"அக்கா, இந்தக் கையை எனக்கு ஒரு வருஷமாத் தெரியுமே!"

"வாழைப்பழம் பொரிச்சது" என்றேன். "அதைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

சிரிப்பு மரத்தைக் குலுக்கியது. எலி விற்றவர் பெட்டிமேல் சாய்ந்து சிரித்தார். என் கணவரின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். இப்போது திரும்பி நடந்துவிடுவார், நாளை குழுவிலிருந்து விலகுவார், மறுபடி வெறும் ஏழாம் கவுன்ட்டர் ஆகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஜாஜாங்கிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கினார். "சோப்பு இருக்கா?" என்றார். யாரோ கொடுத்தார்கள். முழங்கைவரை கழுவினார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"கொடு."

கண்ணை மூடவில்லை. அடியில் கைகொடுத்துத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சீமோல் அவர் காதுக்குப் பின்னால் நாக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. அவர் தோள் சுருங்கவில்லை.

"படத்தில இருந்ததெல்லாம் அவ கை. இது என்னோடது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க."

ஜாஜாங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிரிச்சாச்சு அண்ணே. பக்ஸோ எப்போ?"

அண்ணே! அந்த ஒரு வார்த்தைக்காக ஆளுக்கு ரெண்டு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. புள்ளி ஆறி மறைந்த பின்னும் கட்டைவிரலில் கட்டு இருந்தது. டிவி பார்க்கும்போது பாம்பு, காப்பி குடிக்கும்போது பாம்பு. போன வாரம் நான் சீமோலைத் தூக்கப் போனால், "பார்த்து. பயப்படாதே. நீ பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்" என்கிறார். எலிப்பெட்டி மட்டும் முழுக்க என் பொறுப்பு. அந்த வாசனை அவர் மேல் படவே கூடாதாம்.

நேற்று ஒரு எலி பெட்டியிலிருந்து தப்பிக் கூடத்துக்கு ஓடியது. கழுத்தில் சீமோலோடு நின்றவர், "கிட்ட விடாதே, வாசனை ஒட்டிக்கும், இது மூஞ்சியைக் கவ்விடும்!" என்று அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டார். என் கையில் ஃபோன் இருந்தது. ஜாஜாங் என்னையும் குழுவில் சேர்த்திருக்கிறார். என் முதல் படமாக அதைப் போட்டேன்.

இந்த முறை எதையும் வெட்டவில்லை.