பதினைந்தாவது தடவை

"டமார்!"

கதவைத் தள்ளிய கையோடு ஸ்குரூ குனிந்துகொண்டான். தலைக்கு மேல் பறந்த கீபோர்டு சுவரில் மோதி, பல் உதிர்ந்த மாதிரி எழுத்துக் கட்டைகள் சிதறின.

"வாங்க மச்சான்! நீங்க பூட்டிக் குடுத்த லட்சணத்தைப் பாருங்க. வேலை பாதியில இருக்கும்போதே பொட்டுனு அணையுது. நாளைக்கு வீடியோ குடுக்கணும். குடுக்கலேன்னா வீடியோவுக்குப் பதிலா உங்களைத்தான் அனுப்பி வைக்கணும்!"

தங்கையின் கணவன். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன். வாய்க்கும் கைக்கும் பூட்டுக் கிடையாது.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கான ஸ்குரூவுக்கு எப்போதும் உதட்டிடுக்கில் ஒரு திருகாணி இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான். ஏழு மாதமாக இந்த வாசல் அவனுக்குத் திறக்கவில்லை. போன் செய்தால், "அவ தூங்குறா." நேரில் வந்தால், "அவ வெளிய போயிருக்கா." போன மாதம் புதுக் கம்ப்யூட்டரைப் பூட்டி ஓசியில் கொடுத்தான். அதையும் கடைக்கே வந்து தூக்கிப் போனான் மாப்பிள்ளை. இன்று அது மக்கர் செய்வதால்தான் கதவு திறந்திருக்கிறது. பழுது சரியானால் மறுபடி சாத்திக்கொள்ளும். அதற்குள் தங்கை எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும்.

அவள் அடுப்படி வாசலில் நின்றாள். வேர்த்துக் கொட்டும் வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு.

"நல்லா இருக்கியா பாப்பா?"

"அவகிட்ட என்ன பேச்சு? அவளா அணைஞ்சு போறா? பெட்டியைப் பாருங்க!"

ஸ்குரூ பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, திருகாணியை உதட்டில் செருகினான். சுவர் பிளக் சரி. ஒயர் சரி. மெமரியை ஒவ்வொன்றாய் மாற்றிப் போட்டான், சரி. பெரிய வீடியோ ஒன்றை ஓடவிட்டான். ஒரு மணி நேரம் ஓடியது. கண் சிமிட்டக்கூட இல்லை. சூடும் ஏறவில்லை. தன் கையால் பூட்டிய இணைப்புகளை மட்டும் அவன் தொடவில்லை. தான் போட்ட முடிச்சை எவன் சந்தேகப்படுவான்?

திடீரென்று அணைந்த நேரங்களைக் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டு வைத்திருந்தது. "ஒன்பது நாள்ல பதினாலு தடவை. காலைல ஏழு, மத்தியானம் ரெண்டு... ஒரு ஒழுங்கும் இல்லையே மாப்பிள்ளை."

"எண்ணிச் சொல்றதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?"

அடுத்து மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிதான். கொண்டுவந்த மாற்றுப் பெட்டியை ஸ்குரூ பையிலிருந்து எடுத்தபோது, தங்கை தண்ணீர்ச் செம்போடு வந்தாள். நாலு சொட்டு மேஜையில் சிந்தியது.

பளார்!

அடித்த அடியில் அவள் மேஜை மேல் போய் விழுந்தாள். துண்டு நழுவியது. கழுத்தில் ஐந்து விரலும் கறுத்துப் பதிந்திருந்தன. திரை இருண்டது.

"பாத்தீங்களா! மறுபடியும் செத்துப்போச்சு!" மாப்பிள்ளை கத்தினான். அவன் கண் திரையின் மேல்தான் இருந்தது.

பதினாலு தடவை. இப்போது பதினைந்து. அடி வாங்கி அவள் மேஜையில் விழும்போதெல்லாம்தான் அது அணைந்திருக்கிறது.

திருகாணியைத் துப்பினான். மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் திமிறி, கிடந்த ஒயரை எடுத்து ஸ்குரூவின் கழுத்தில் சுற்றி இறுக்கினான். கண் பிதுங்கியது. ஸ்குரூவின் கையில் இன்னும் அந்த மாற்று இரும்புப் பெட்டி இருந்தது. வீசினான். மாப்பிள்ளையின் முழங்கால் 'மடக்'கென்றது. ஒயர் தளர்ந்தது. இரண்டாவது வீச்சு தாடையில். மாப்பிள்ளை சரிந்தான். கீபோர்டு எழுத்துகளோடு அவனுடைய பல் ஒன்றும் தரையில் உருண்டது. வாயில் ரத்தம் கொப்பளிக்க, முனகிக்கொண்டு கிடந்தான்.

ஸ்குரூ மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அப்போதுதான் திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பார்த்தான். மதர்போர்டுக்கு மின்சாரம் போகும் அந்தத் தடித்த இணைப்பு பாதி வெளியே தொங்கியது. 'டக்'கென்று பூட்டு விழும்வரை அழுத்தி, கறுப்புப் பட்டை போட்டுக் கட்டுவது அவன் வழக்கம். பட்டை அறுந்திருக்கவில்லை, கத்தரிக்கோலால் நேராக நறுக்கப்பட்டிருந்தது.

"பாப்பா... இதை நான் பூட்டித்தான் குடுத்தேன். யாரு இழுத்துவிட்டது?"

அவள் உதட்டு ரத்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள்.

"நான்தாண்ணே. அது கெட்டாத்தானே அவரு உன்னை வீட்டுக்குள்ள விடுவாரு?"