கைப்பிடியைத் திருப்பி வைத்தவர்

1

இந்தக் கதை என் பேராசையில் பிறந்தது. "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும் மலிவான பஃபே உணவகத்துக்குள் நுழைந்தால் என் வயிறு சொல்வதை என் கண் கேட்பதில்லை. அன்று மதியமும் அப்படித்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, நான்தான் காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஓர் அப்பாவும் மகளும். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறப்பார், மூடுவார், "இரு, கொஞ்சம் சோறு போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போவார். தட்டில் சோறு ஏற்கெனவே குவிந்திருக்கும்.

கதைக்கு என் கையில் இருந்த முதல் இவ்வளவுதான். இன்னொன்றையும் பார்த்தேன், அதை அதன் இடத்தில் சொல்கிறேன். மீதி நான் சேர்த்தது. [பொய் என்று எழுத மனம் வரவில்லை.]

2

முதல் தொடக்கம்: "வாழ்க்கையே ஒரு பஃபே போலத்தான், நமக்கு வேண்டியதை நாமே…"

வேண்டாம். இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

இரண்டாவது: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மதியத்தில்…" மழையே பெய்யவில்லை. எனக்கு எழுத வராத நாளிலெல்லாம் என் கதைகளில் மழை வந்துவிடும்.

மூன்றாவது: அவர் மகளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே பேச்சு முட்டிக்கொண்டால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இது இருக்கட்டும்.

3

அப்பாவைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராக வைத்துக்கொண்டேன். மகளுக்கு மருந்துக் கடையில் வேலை. அம்மா தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. அப்பா சொல்ல வந்தது இதுதான்: அவர் ஒரு தையல்காரம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார். பேன்ட் இடுப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுத்த இடத்தில் பழக்கம். (இடுப்பு பெருத்ததில் தொடங்கிய காதலை நான் இதற்கு முன் எழுதியதில்லை.)

இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். தையல்காரம்மாவும் அதே உணவகத்துக்கு வந்து, தனி மேசையில், யாரோ போல உட்கார்ந்திருப்பார். மகள் சரி என்றால் அப்பா கூப்பிடுவார்.

"வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று கேட்டார் அப்பா.

"சொன்னா என்ன. பசிக்கு வந்தவ மாதிரி சாப்பிட்டுட்டு எழுந்து போயிடறேன். நான் யாருன்னே அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம். மனசு கஷ்டப்படும்."

இதை எழுதியதும் எனக்கு அந்தம்மாவைப் பிடித்துவிட்டது. கதை எழுதுகிறவன் இப்படிக் கட்சி சேரக்கூடாது. சேர்ந்துவிட்டேன்.

4

"உடம்புக்கு ஏதாவதாப்பா? டெஸ்ட் எதுவும் எடுத்தீங்களா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

"சேச்சே. உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க? வீட்ல பேசினா ஆகாதா?"

"வீட்ல…"

(வீட்டுச் சுவரில் அம்மாவின் படம் இருக்கிறது. அதற்கு எதிரே உட்கார்ந்து பேச அவருக்கு வாய் வரவில்லை. இதை உரக்கச் சொன்னால் அழுகைக் கதை ஆகிவிடும் என்பதால் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.)

"இரு, பருப்பு எடுத்துட்டு வரேன்."

இப்போது நான் கண்ணால் பார்த்தது. ஆவி பறக்கும் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. எல்லாரும் எடுத்துக்கொண்டு, கரண்டியின் கைப்பிடியை வலது பக்கமாக விட்டுவிட்டு நகர்ந்தார்கள். இவர் பருப்பை ஊற்றிக்கொண்டு, கைப்பிடியை இடது பக்கம் திருப்பி வைத்தார். பின்னால் நின்ற கண்ணாடி போட்ட அம்மா (என் தையல்காரம்மா இவர்தான்), இடது கைப் பழக்கம் போலும், தட்டை வலது கைக்கு மாற்றி, இடது கையால் கரண்டியை எடுத்தார். அடுத்த பாத்திரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் செய்வது அவருக்கே தெரியவில்லை.*

மகள் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

* யாரோ போல நடிக்க முகத்தைப் பழக்கியவர் கையைப் பழக்க மறந்துவிட்டார்.

5

முதலில் எழுதியதில் மகளுக்குக் கோபம் வந்தது. "அம்மாவுக்கு ஒருநாளாவது ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியேறினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"உங்க கதையில பொண்ணுங்க எல்லாரும் எதுக்குக் கதவைச் சாத்திட்டுப் போறாங்க?"

"அவளுக்கு வலிக்காதா?"

"வலிக்கும். வலிச்சா எழுந்து போயிடணுமா? எடுத்த எடுப்புல உடம்புக்கு என்னன்னு கேட்டவ அவ. அப்பா தனியா என்ன சாப்பிடறாரோன்னு தினம் கவலைப்பட்டிருப்பா. நீங்க எழுதலேன்னாலும் எனக்குத் தெரியுது."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு பக்கம் முழுவதையும் அடித்துவிட்டேன்.

6

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பின்னாடி நின்னாங்களே, அவங்க யாருப்பா?"

"யாரு?"

"நீங்க கரண்டியைத் திருப்பித் திருப்பி வெச்சீங்களே, அவங்க."

அவர் தட்டைப் பார்த்தார். எடுத்து வர இனி எதுவும் பாக்கி இல்லை.

"பேன்ட் பிரிச்சுத் தைக்கக் கொடுத்தேன்ல…" என்று ஆரம்பித்தார். எழுந்து போகாமல் கடைசிவரை சொல்லி முடித்தார்.

மகளின் கண் நிறைந்துவிட்டது. "அம்மாவுக்கு ஒருநாளாவது…" என்றாள். மேலே சொல்லவில்லை. [இந்த வாக்கியத்தை நான் கைவிடவில்லை. அவளே விழுங்கிக்கொண்டாள்.]

"அம்மா இருந்தப்ப எனக்கு இதெல்லாம் தெரியலம்மா," என்றார் அப்பா. "தெரியாமலே இருந்துட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். மேசையில் அழுகிற பெண்ணைத் தையல்காரம்மாவும் பார்த்திருக்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக, பாதிச் சாப்பாட்டில் எழுந்து, சத்தமில்லாமல் நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"எங்க போறாங்க?" என்றாள் மகள்.

7

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்தம்மா போய்விடுகிறார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. மற்றொன்றில் மூவரும் ஒரே கிண்ணத்திலிருந்து பாயசம் குடிக்கிறார்கள். அதை என் மனைவி படித்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது.

ஆகவே இதுவரை நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மகள் எழுந்துவிட்டாள். மேசைகளுக்கு நடுவே வேகமாக நடக்கிறாள். கூப்பிடத்தான் போகிறாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னவென்று கூப்பிடுவாள் என்பதுதான் தெரியவில்லை. "ஏங்க" என்றால் அந்தம்மா கடைசிவரை யாரோதான். "ஆன்ட்டி" என்றால் பக்கத்து வீட்டுக்காரி. "சித்தி" சரியான சொல்தான், ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. "அம்மா" என்பது, ஊரில் எல்லாரையும் கூப்பிடும் சொல்லாக இருந்தாலும், அவளுக்கு அது ஒருவருடைய பெயர்.

நான் ஒரு வாரமாக இந்த இடத்தில் நிற்கிறேன். என்னைவிட உங்களுக்கு மனிதர்களைக் கூப்பிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு சொல் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அந்தம்மா பையைத் தோளில் மாட்டிவிட்டார்.