பாலத்துக் கைப்பிடி யார் செய்தது?

1

இந்தக் கதை ஒரு மனுவாகப் பிறந்திருக்க வேண்டியது. அக்கா போனில் கேட்டது அதைத்தான். "நீதான் பக்கம் பக்கமா எழுதுறவனாச்சே, தொல்லியல் ஆபீசுக்கு உருப்படியா ஒரு மனு எழுதிக் குடேன்டா." 'மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு' என்பது வரை நன்றாகத்தான் போனது. அடுத்த வரியில் அத்தான் வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு என்னத்தை மனு எழுதுவது?

2

அடித்துப்போட்ட தொடக்கங்கள்:

ஆற்றின் மேல் நூறாண்டுகளாய் அந்த நடைபாலம் தவமிருந்

(பாலம் எங்கே தவமிருக்கும்? அடி.)

ஒற்றைக் காலுடன் அந்த வெல்டர் சன்னலோரம் ஏங்கி

(அத்தான் படித்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். அதையும் அடி.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா வீடு ஆற்றுக்கு அக்கரையில். அங்கிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாலை, பஸ், அத்தானின் வெல்டிங் பட்டறை எல்லாம் இக்கரையில். நடுவே கல்தூண்களின் மேல் பலகை போட்ட பழைய நடைபாலம். வேறு வழி கிடையாது. (கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கிடையாது.)

சர்க்கரை முற்றி அத்தானுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்த ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். சக்கர நாற்காலியோ பாலத்தில் நுழைய மாட்டேன் என்கிறது. இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே நாலு விரல் அகலம் குறைகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஆட்கள் தூக்கி வந்தார்கள். இறக்கி வைத்ததும் சொன்னார்: "இனிமே எவனும் என்னைத் தூக்க வேணாம். கடைசியா ஒரு தடவ தூக்குவீங்கல்ல, அது போதும்." அதிலிருந்து வீட்டை விட்டு நகரவில்லை.

3

கைப்பிடியை அறுத்துத் தள்ளிவைத்தால் தீர்ந்தது. ஆனால் பாலம் பாதுகாக்கப்பட்ட சின்னம். ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வேண்டும். 'அக்காலக் கொல்லர்களின் அரிய கைப்பிடி வேலைப்பாடு' என்று அறிவிப்புப் பலகையே சொல்கிறது.

அந்த அக்காலக் கொல்லர் என் அத்தான்தான்.

ஒரு வெள்ளத்தில் பழைய கைப்பிடி அடித்துக்கொண்டு போனது. அத்தான், யாரோ கழித்துப்போட்ட தண்ணீர்க் குழாய்களை எடுத்து, தப்பி நின்ற ஒரே கம்பியைப் பார்த்து அதே வளைவில் வளைத்து, தார் பூசி நட்டார். பழைய கல்லில் துளை போட மனசு வராமல் உள்பக்கம் தள்ளிப் பலகையில் நட்டார். வழி குறுகியது அதனால்தான். பிற்பாடு வந்த தொல்லியல்காரர்கள் எல்லாவற்றையும் பழசென்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

(இங்கே அதிகாரியை மடையனாக்கினால் சிரிப்பு வரும். ஆனால் மனிதர் மடையரில்லை. அத்தானின் வேலை அவ்வளவு சுத்தம்.)

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே, அத்தான்?"

"எதை, தண்ணிக் குழாய்னா? போ மச்சான். நான் அடிச்ச கேட்டு, கிரில்லு அத்தனையும் பழைய இரும்புக்குப் போயிடுச்சு. இது ஒண்ணுதான் நிக்குது. எங்கிருந்தோ வந்து போட்டோ பிடிச்சிட்டுப் போறாங்க, தெரியுமா?"

4

அக்கா பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு வாயாடியானவள் தானே போய்ச் சொல்லியிருக்கலாமே? நீங்கள் கேட்பதற்கு முன் நானே அவளிடம் கேட்டுவிட்டேன்.

"சொல்ல எவ்ளோ நேரம்டா ஆகும்? அறுத்துடுவாங்க. அப்புறம் அந்த மனுஷன் எந்த மூஞ்சியோட அது வழியா போவாரு? போகலேன்னாலும் அந்த மூலையிலயே கிடந்து போய்ச் சேர்ந்துடுவாரு. எனக்குப் பயமா இருக்குடா. அதான் உன்னை எழுதச் சொன்னேன். நீ எழுதினா நீ சொன்னதாப் போயிடும்ல?"

ஆக, பழி என் தலையில். நான் மனுவை விட்டுவிட்டுக் கதைக்குள் ஒளிந்துகொண்டது ஏனென்று இப்போது புரிந்திருக்கும்.

5

முடிவு ஒன்று: அத்தானே ஒப்புக்கொள்கிறார். கைப்பிடியை அறுக்க வந்தவனிடம், "மெஷினை அப்படியா பிடிப்பாங்க?" என்று கத்துகிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அக்கா விடிந்து எழுந்து பார்க்கும்போது அத்தா

(எழுத மாட்டேன்.)

நேற்று நடந்தது இவ்வளவுதான். தார் உரிந்த இடத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்து, அதிகாரியே அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"இந்தக் கைப்பிடி பழசுதானுங்களா? இல்லேன்னா தெரிஞ்சவங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடலாம்." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "என்னமா வளைச்சிருக்கான், கைகாரன்" என்றார்.

அத்தானின் முகம் மலர்ந்தது. கால் போன பிறகு அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இந்தக் கதையில் அதிகாரி இன்னும் எழுந்து போகவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் மூன்று பேர், மூன்று பேருமே பேசவில்லை. இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் உங்களைத்தான் கேட்கிறார்.