அப்பா இருக்கும்வரை, தினம் ஒரு படம்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு வரி. ஐந்தே சொற்கள். ஓர் ஓவியரின் இணையப் பக்கத்தில் ‘என்னைப் பற்றி’ என்ற இடத்தை நிரப்ப நான் எழுதிக்கொடுத்தது. அதை எழுத நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு நடந்ததை எழுத ஐந்து வாரமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன்.

கைவிட்ட தொடக்கங்கள்:

“மருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்தால் உட்புறம் வெளிர்சாம்பல் நிறத்தில்…” (அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

“ஒரு மனிதர் சாவதற்குத் தாமதமானால்…” (இது உண்மை. முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மூடாமலும் போகலாம். அது இன்னும் மோசம்.)

2

அவளை அக்கா என்று கூப்பிடுவேன், கூடப் பிறந்தவள் இல்லை. இருவரும் ஒரே நிறுவனத்தில் இரவு வேலை பார்த்தோம். இணையம் வரவில்லை என்று தொலைபேசியில் கத்துபவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வேலை. முதலில் நான் விட்டேன்.* பிறகு அக்கா விட்டாள். அவள் அப்பாவுக்கு இதயம் பாதிதான் வேலை செய்தது. ஆறு மாதத்துக்கு மேல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர்.

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். உள்ளறையில் படுத்துக்கொண்டு, முன்னறையில் யார் என்ன பேசினாலும் நடுவில் ஒரு வார்த்தை போடுவார்.

தினமும் காலை பதினொரு மணிக்கு, அவருக்கு உடம்பு துடைத்துவிட்ட பிறகு, அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்வாள். காலியான மருந்துப் பெட்டியைப் பிரித்து, உட்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் அவரை வரைவாள். ஒருநாள் காது. ஒருநாள் கழுத்தெலும்புக் குழி. ஒருநாள் போர்வைக்கு வெளியே நீட்டிய கால்விரல்கள். படங்கள் நன்றாக இருந்தன. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவது எதுவும் படங்களைப் பற்றியது இல்லை.

“வேலைய விட்டாச்சு. இனிமே இதுதான்டா எனக்கு. என் பேரப் போட்டுத் தேடினா நான் வரணும். வேற எவளோ வரக்கூடாது” என்றாள்.

வேலையை விட்ட பிறகு நான் இணையப் பக்கங்கள் செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். செய்துதருகிறேன் என்றேன்.

* ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதனுள்ளே ஒருவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

3

“என்னப் பத்தி என்னத்தடா எழுதுறது?”

“எங்க படிச்ச, என்ன வரையுற, ஏன் வரையுற.”

“படிக்கல. அப்பாவ வரையுறேன். வேற யாரும் அசையாம உக்கார மாட்டேங்குறாங்க.”

“நான் எங்க உக்காந்தேன்? படுத்துல்ல இருக்கேன்” என்றது உள்ளறை.

எங்கள் இரவு வேலையில் ஒரு விதி உண்டு. காத்திருப்பவருக்கு வெறும் இசையைப் போட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார். ‘உங்களுக்கு முன்னால் ஏழு பேர்’ என்று சொன்னால் துண்டிக்க மாட்டார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்துவிட்டால் மனிதன் எவ்வளவு நேரமும் நிற்பான். இந்தப் படங்களைப் பார்ப்பவர்களை எதற்காக நிற்க வைக்கலாம் என்று யோசித்தேன். விடை பக்கத்து அறையில் படுத்திருந்தது.

‘அப்பா இருக்கும்வரை, தினம் ஒரு படம்’ என்று தட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் எண்ணும் கொடுத்தேன்.

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். “இப்படிப் போடலாமாடா?”

“எடுப்பா இருக்கு.”

அவளுக்கும் அந்த விதி தெரியும். மூன்று வருடம் அதைச் சொல்லியே சம்பளம் வாங்கியவள். தலையாட்டினாள்.

அறுபதாவது படத்தில் பின்தொடர்பவர்கள் பத்தொன்பதாயிரம். ‘இன்று படம் தாமதமானதும் பயந்துவிட்டேன்’ என்று தினமும் நாலைந்து பேர் எழுதினார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படிப்பார்.

“ஒரு பொண்ணு, ‘இவர் தூங்குவது என்னைத் தூங்க விடவில்லை’ன்னு எழுதியிருக்கு. டாக்டரப் பாக்கச் சொல்லும்மா.”

4

அவர் தேறிவிட்டார்.

[இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. ஒரு மாதம் இதற்கு மேல் எழுதவில்லை.]

புதிய மாத்திரை வேலை செய்தது. கால் வீக்கம் வடிந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது நாள் ஜன்னலோரம் நின்று தானே முகம் மழித்துக்கொண்டார். அக்கா அதை வரைந்தாள். வரைந்ததிலேயே சிறந்த படம் அது என்று இன்றும் சொல்வேன். பார்த்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ‘பழைய படங்களில் இருந்த வலி இதில் இல்லை’ என்று ஒருவர் வருத்தப்பட்டார். மறுநாள் இன்னும் குறைந்தது.

“அக்கா, படுத்திருக்குற மாதிரி ஒண்ணு போடேன்.”

(இந்த வசனத்தை வேறு யாருக்காவது கொடுக்கப் பார்த்தேன். அக்காவுக்கு வெளியூரில் ஒரு தம்பியை உண்டாக்கினேன், பேராசைக்காரன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் என் குரலிலேயே பேச ஆரம்பித்தான். அழித்துவிட்டேன். சொன்னது நான்தான்.)

மூன்றாம் நாள் அவர் மறுபடி மழிக்க நின்றபோது அக்கா கேட்டாள். “அப்பா, கொஞ்ச நேரம் படுங்களேன்.”

“நல்லா இருக்குறது தப்பாப் போச்சா?” சிரித்தபடியே படுத்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது, ஒரு கன்னம் மழிக்கவில்லை. அக்கா மழிக்காத பக்கத்தை வரைந்தாள்.

கூட்டம் திரும்பி வந்தது.

5

ஓவியக் கூடம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்தான் முன்னறையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். ‘தங்கள் தொடர் நிறைவடைந்ததும் தெரிவியுங்கள். முழுத் தொடராகவே காட்சிப்படுத்த விரும்புகிறோம்.’

அக்கா எழுந்து குதித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

“நிறைவடைஞ்சதும்னா?”

“நூத்தம்பதோட முடிச்சுக்கலாம்க்கா. அதுவும் ஒரு கணக்குதானே?”

“அப்பா இருக்கும்வரைன்னு நீதானடா எழுதின?”

அன்று உள்ளறையிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

6

பத்து நாளில் கால் மறுபடி வீங்கியது. மூன்று தலையணை வைத்தால்தான் மூச்சு விட முடிந்தது. படங்கள் மறுபடி ‘ஆழமாக’ வந்தன. இருபத்தாறாயிரம் பேர்.

அக்கா தலையணை உறையைத் துவைக்கக் கழற்றியபோது மாத்திரைகள் கொட்டின. பத்தொன்பது.

“என்னப்பா இது?”

“மறந்திருப்பேன்.”

“மறந்தா அட்டையில இருக்கும். உறைக்குள்ள எப்படிப்பா வரும்?”

அவர் சுவரைப் பார்த்தார். “கயிறு தேஞ்சுதுன்னா மாத்திடணும்மா. எண்ணெய் போட்டு ஓட்டக் கூடாது.”

“நீங்க லிஃப்ட் இல்லப்பா!”

அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: “அந்த வரிய எடு. இப்பவே.”

மடிக்கணினியைத் திறந்தேன். உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, இங்க வா. எடுக்காத. இப்ப அவ பேரத் தேடினா அவ வர்றா. முன்னாடி எத்தன பக்கம் தள்ளினாலும் வரமாட்டா. நான் தேடிப் பாத்திருக்கேன்.”

மடிக்கணினியோடு கட்டிலருகே போனேன்.

“இல்லன்னா ஒண்ணு செய். நான் செத்துட்டேன்னு அந்தக் கூடத்துக்கு எழுதிப் போட்டுடு. நான் ஒண்ணும் மறுத்துப் பேசப் போறதில்ல.”

“வாய மூடுங்கப்பா” என்றாள் அக்கா, வாசற்படியில் நின்று.

7

முடிவுகள்.

முதலாவது: ‘தொடர் நிறைவடைந்தது’ என்று எழுதி அனுப்புகிறோம். கூடத்திலிருந்து ஒருவர் துக்கம் விசாரிக்க வருகிறார். கதவைத் திறப்பவர் அப்பா. (சிரிக்கலாம். கண்காட்சி அன்று அவரை எந்த அறையில் பூட்டி வைப்பது என்ற பத்தி வரை சிரிக்கலாம்.)

இரண்டாவது: பக்கத்தையே அழிக்கிறோம். அவர் மாத்திரை சாப்பிட்டு நான்கு வருடம் இருக்கிறார். அக்கா மறுபடி ஹெட்செட்டை மாட்டுகிறாள். இதை நல்ல முடிவு என்பவர்கள் அந்த வேலையைப் பார்த்ததில்லை.

மூன்றாவதையும் எழுதினேன். நீங்கள் எதிர்பார்ப்பதுதான். கடைசிப் படம், வெறும் கட்டில். நன்றாக வந்திருந்தது, மற்ற இரண்டையும்விட நன்றாக. கிழித்துவிட்டேன்.

அதனால் முடிவு என்னிடம் இல்லை. இந்த நிமிடம் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

மணி பதினொன்று. அக்கா மாத்திரையை உள்ளங்கையில் நீட்டியபடி நிற்கிறாள். மறு கையில் தண்ணீர்.

“வரி இருக்கும்னு அவன சொல்லச் சொல்லு, முழுங்குறேன்” என்கிறார் அவர்.

“எடுத்தாத்தான்டா இவர் முழுங்குவாரு. நம்பாத” என்கிறாள் அவள்.

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். வரியை எடுத்தால் இனி அவள் யாருமில்லை என்று அவர் நினைக்கிறார். விட்டுவைத்தால், நாளை அக்கா அவர் நாக்குக்கடியில் விரலை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும், அதற்கு மறுநாளும். பார்த்த பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வரையவும் வேண்டும்.

இருபத்தாறாயிரம் பேர் இன்றைய படத்துக்காக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், இங்கே வரை படித்துவிட்ட நீங்கள். எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். மடிக்கணினியை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வரி தேர்வாகியிருக்கிறது. ஒரு பொத்தான்தான்.

சீக்கிரம். அவள் கையில் தண்ணீர் தளும்புகிறது, அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.