இறுகிப்போன எஞ்சின்

காரின் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்ததும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே எலி ஒன்று கூடு கட்டி, குட்டி போட்டு, குட்டிகளோடு செத்தும் போயிருந்தது. பஞ்சும் முடியும் காய்ந்த தோலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

"நகரு" என்றாள் அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். "நான் பாக்காத அசிங்கமா?" கையுறை மாட்டிக்கொண்டு கூட்டை அப்படியே அள்ளிப் பையில் போட்டாள்.

கார் அத்தானுடையது. அவர் போன வருஷம் இறந்துவிட்டார். அதற்கு வெகு முன்பே கார் இந்த ஷெட்டில் முடங்கிவிட்டது. அக்கா எஞ்சின் மேல் தண்ணீர் அடித்துக் கழுவினாள், அதனால்தான் இறுகிவிட்டது என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். "உங்க அக்கா காரையே குளிப்பாட்டிட்டா" என்பார், சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம். எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரித்திருக்கிறான்.

இப்போது காரை ஓட வைக்கச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டதால் வந்திருந்தான். அழுக்கு பிடிக்காமல் மெக்கானிக் வேலையை விட்டு உதிரிபாகக் கடைக்குப் போனவன் அவன். பழைய ஆயிலை வடித்தபோது தார் போல ஒழுகி, முழங்கை வரை வழிந்தது. நாற்றம் நாக்கிலேயே ஒட்டியது.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகள். யாரோ சரியாக முறுக்காமல் விட்டது போல அவை லேசாகவே கழன்றன. டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தான். செந்துருவுக்கு மேல் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. கம்பியால் சுரண்டி எடுத்தான்.

"என்னடா அது?"

"தெரியலக்கா. துருவுல இப்படி வராது."

கையுறையைக் கழற்றி, அதில் ஒரு துணுக்கை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள் அக்கா.

"சீ, என்னக்கா பண்ற?"

"உப்பு" என்றாள்.

தம்பி மறுபடி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். வெளியே அடித்த தண்ணீர் இவ்வளவு உள்ளே போகாது. பிளக்கைக் கழற்றி உப்புத் தண்ணீரை ஊற்றினால்தான் உண்டு. மெக்கானிக்காக இருந்தவனுக்கு இது தெரியாததா? அத்தான் சொன்னபோது அவன் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கின வாரம்" என்றாள் அக்கா. "காலையில இங்க பானெட்டத் தொறந்து வச்சிட்டு நின்னாரு. கையில சொம்பு. ரேடியேட்டருக்குத் தண்ணின்னு சொன்னாரு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நான் எஞ்சினக் கழுவவே இல்லன்னு சொன்னேனே. யாரு கேட்டீங்க?" பொருக்கைக் கீழே தட்டினாள். "உப்புப் போட்டவங்கள உயிருள்ள வரைக்கும் நினைக்கணுமாமே. நல்லா நினைக்கறேன்."

தம்பிக்கு எலிக்கூட்டின் நாற்றமே தேவலாம் போலிருந்தது. அத்தானின் கேலிக்குச் சிரித்தவனும், அவர் சாவுக்கு வாய்விட்டு அழுதவனும் அவன்தான்.

ஓட்டைகளில் வெந்நீர் விட்டு உப்பைக் கரைத்து உறிஞ்சி எடுத்தான். பிறகு துரு இளகட்டும் என்று டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டான். தினமும் கடை முடிந்து வந்து, எஞ்சினைக் கையால் சுற்ற உதவும் கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, அதில் நீளக் குழாயைச் செருகி மெல்ல அழுத்தினான். அசையவில்லை. வெறியோடு மிதித்தால் உடைந்துவிடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். அடுத்த வாரத்தில் ஒருநாள் மயிரிழை அசைந்தது. முன்னும் பின்னுமாக ஆட்ட ஆட்ட, கரகரவென்று ஒரு முழுச் சுற்று சுற்றியது. பிளக் ஓட்டைகளிலிருந்து செங்குழம்பு பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. அக்கா பழந்துணியை நீட்டினாள். அவள் சிரிக்கவில்லை.

புது ஆயில், புது பிளக், இரவல் பேட்டரி. பெட்ரோல் டேங்கைக் கழுவியதில் இன்னொரு நாள் போனது. எஞ்சின் இருமி, செருமி, கடைசியில் பிடித்துக்கொண்டது. சைலன்சர் பழுப்புத் தண்ணீரைக் கக்கியது. ஷெட் முழுக்கக் கரும்புகை.

"ரொம்ப நாள் தாங்காதுக்கா. உள்ளெல்லாம் அரிச்சிருக்கு."

"தாங்கற வரைக்கும் போதும்."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவள் உடனே இறங்கினாள். இருக்கை உறையில் அத்தானின் தலை எண்ணெய் பிசுக்கேறி, புளித்த வாடை வீசியது. அக்கா உறையைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்து கிழிந்தது. அதைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டு, வெறும் ஸ்பாஞ்சில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஏறு."

வாசல் கேட்டை எட்டுவதற்குள் வண்டி இரண்டு தடவை நின்று போனது. மறுபடி கிளப்பித் தெருவில் இறக்கினாள்.

"எங்கக்கா போறோம்?"

"முதல்ல பெட்ரோல். அப்புறம் நான் பாத்துக்கறேன்."