சுமாக் மேட்டுக்கு ஒரு வழி

தீயணைப்பு வண்டியைச் சந்துக்குள் கொண்டுவரச் சொன்னது ருதைனாதான். வண்டி இப்படி நட்ட நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஜோர்டானின் தலைநகர் அம்மான், அதன் கிழக்குக் கோடியில் சுமாக் மேடு. மேட்டின் உச்சியில் அரசு மருத்துவமனை செவிலியர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிப் போட்ட நிலம் எட்டு வருடமாகச் சும்மா கிடந்தது. அறுபத்து நான்கு வீடு கட்டத் திட்டம். அனுமதிதான் கிடைக்கவில்லை. தண்ணீருக்கு வழி உண்டு; வாரத்தில் ஒரு நாள் வருவதைப் பிடித்து வைக்கப் பெரிய நிலத்தடித் தொட்டி போதும். மின்சாரமும் எப்படியோ வந்துவிடும். தீயணைப்பு வண்டி ஏறப் பாதை இல்லை, கழிவுநீர் இறங்க வழி இல்லை என்ற இரண்டு வரிகளை எழுதி, கோப்பை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான்காவது முறையாக அது ருதைனாவின் கைக்கு வந்தது. நகராட்சியில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, வெளியே வந்து தனியாக அலுவலகம் போட்டவள். முழுப் பொறுப்பும் அவள் தலையில் விழுந்த முதல் வேலை இது.

மேட்டுக்கு இரண்டு பக்கமும் பாறைச் சரிவு. வண்டி ஏறக்கூடியது கீழே இருக்கும் சந்து ஒன்றுதான். அந்தச் சந்தும் பாதியில் முழங்கையைப் போல மடங்கும். அந்த மடக்கில் நீட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு சுற்றுச்சுவரின் மூலை. காகிதத்தில் எத்தனை முறை வளைவு போட்டுப் பார்த்தாலும் அரை மீட்டர் இடித்தது. "வண்டியையே ஒருதடவை ஏத்திப் பாத்துடலாமா?" என்று தீயணைப்பைப் பார்த்துக்கொள்ளும் குடிமைப் பாதுகாப்பு அதிகாரியிடம் அவள்தான் கேட்டாள். அதிகாரியும் சரி என்றார்.

இப்போது வண்டியின் முன்பக்கம் ஒரு வீட்டுப் படியை முட்டிக்கொண்டு நிற்க, பின்பக்கம் அந்தச் சுவர் மூலையை உரசிக்கொண்டு நின்றது. சுவர்க்காரர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"யாருய்யா இது! என் செவுத்த இடிக்கவே கெளம்பி வந்தீங்களா?"

அவர் பெயர் ஷாஹிர். மூன்று மகள்கள், மூத்தவள் லயால்; அவளுடைய அப்பா என்ற பொருளில் அபூ லயால் என்றே ஊர் கூப்பிடும். இருபது வருடமாக மினிபஸ் ஓட்டுகிறவர். அதனால் அவரால் ஒரு நிமிடத்துக்கு மேல் திட்ட முடியவில்லை. தீயணைப்பு ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகிற அழகைப் பார்க்கப் பார்க்க அவர் கை பரபரத்தது.

"எடது பக்கம் ஒடிய்யா! எடதுன்னா உனக்கு எந்தப் பக்கம்? ம்ம்... நேரா விடு. இப்ப வலது. மெதுவா, மெதுவா! இத யாருய்யா உனக்கு ஓட்டக் குடுத்தாங்க?"

கால் மணி நேரத்தில் வண்டியைப் பின்பக்கமாகவே கீழே இறக்கிவிட்டார். இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார். அதற்குள் அவர் மனைவி உம் லயால் வாசலில் நின்று, "அந்தப் பொண்ணுக்கு ஒரு டீயக் குடுத்துட்டுத் திட்டேன். உன் வாயி எங்கயும் ஓடிடாது" என்றாள்.

முற்றத்தில் உட்கார்ந்ததும் ருதைனா சுற்றி வளைக்காமல் கேட்டாள். மூலையில் மூன்று மீட்டர் வேண்டும். சுவரை உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டிக் கொடுப்பது கூட்டுறவின் பொறுப்பு.

"முடியாது" என்றார் அபூ லயால்.

"வண்டி வந்தா உங்களுக்கும் நல்லதுதானே அண்ணே. அவசரம்னா ஒரு ஆம்புலன்ஸ் வரணும்ல?"

அதைக் கேட்டதும் உம் லயால் சிரித்துவிட்டாள். "என்கிட்டயா சொல்ற? மூணாவது பொறக்குறப்ப ஆம்புலன்ஸ் கீழ ரோட்டுல நின்னுட்டு ஹாரன் அடிக்குது. நல்ல மழை. என்னைய ஒரு பிளாஸ்டிக் நாற்காலில ஒக்கார வெச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. கல்யாண ஊர்வலத்துலகூட எனக்கு அவ்ளோ மரியாத கெடைக்கல. நடுவழில ஒரு கால் ஒடைஞ்சுபோச்சு. என் கால் இல்ல, நாற்காலிக் காலு."

"அப்புறம் ஏன் அண்ணே வேண்டாங்கறீங்க?"

அபூ லயால் தேநீரைக் கீழே வைத்தார். "மேட்டுக்கு அந்தப் பக்கம் என் மச்சான் வீடு இருக்கு. ஆறு வருஷம் முன்ன ஒரு கம்பெனிக்காரன் வந்தான். இதே மாதிரி பேசுனான், இதே மாதிரி டீ குடிச்சான். ரோடு போடறேன், ஊருக்கே நல்லதுன்னு மூணு மீட்டர் வாங்கிட்டான். ரோடும் போட்டான். போட்டு, நடுவுல ஒரு கேட்டு! பக்கத்துல ஒரு காவக்காரன்! இன்னிக்கு என் மச்சான் தன் எடத்துல போட்ட ரோட்டுல கால வெக்க முடியாம மேட்டச் சுத்திட்டுப் போறான். நீங்க சொல்லுங்க, மேல கேட்டு வருமா வராதா?"

ருதைனாவின் பையில் பன்னிரண்டு வரைபடங்கள் இருந்தன. ஏழாவது தாளில், சரியாக இந்த மடக்குக்கு மேலே, ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு இரும்புக் கதவு இருந்தது. உறுப்பினர்கள் கேட்டார்கள், அவளும் யோசிக்காமல் வரைந்து கொடுத்திருந்தாள். ஒரு நொடி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பத் தோன்றியது. எதிரே நாற்காலிக் கதை சொன்னவள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும் அண்ணே. வரைபடத்துல இருக்கு. நான்தான் வரைஞ்சேன்."

அபூ லயால் கீழே வைத்த தேநீரை மறுபடி கையில் எடுத்தார்.

"பொய் சொல்லாம இருந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார் அவர். "டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

வாசல்வரை கூட வந்த உம் லயால்தான் அடுத்த பேச்சை எடுத்தாள். காற்றில் ஒரு வாடை இருந்தது. "மன்னிச்சுக்கம்மா. குழி ரொம்பிடுச்சு. உறிஞ்சுற லாரியும் இந்த மடக்குல திரும்பாது. கீழயே நின்னுட்டு குழாய இழுத்துட்டு வருவான். மேல கட்டப்போறீங்களே, அவங்க கழிவெல்லாம் எங்க போவும்?"

ருதைனா திரும்பிச் சந்தின் சரிவைப் பார்த்தாள். கீழே யாரும் இடம் தரமாட்டார்கள் என்று முடிவுகட்டி, கழிவுநீரை மோட்டார் வைத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவதாகத்தான் திட்டம் போட்டிருந்தாள். இந்தச் சந்து வழியாகக் குழாய் போனால் மோட்டாரே வேண்டாம். சரிவு தானாகவே கீழ்ச்சாலைப் பெருங்குழாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். போகிற வழியில் சந்தின் பதினேழு வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டை அதில் இணைத்துக்கொள்ளலாம். பாதைக்கு ஒரு தாள், கழிவுநீருக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் இது அவள் கண்ணில் படவே இல்லை. அந்த வாடையில் நின்றபோதுதான் பட்டது.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து புதிதாக வரைந்தாள். குடிநீர்க் குழாய் சந்தின் ஒரு ஓரம், கழிவுநீர் எதிர் ஓரம், அதைவிட ஆழத்தில். கதவை அழித்தாள். அழிப்பது சுலபம், அதைக் கூட்டுறவு ஏற்க வேண்டுமே!

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு செவிலியர் பள்ளியின் கூடத்தில் கூட்டம். தலைவி சிஸ்டர் நஜாத், அவசர சிகிச்சைப் பிரிவில் முப்பது வருடம் நின்று கால் வீங்கியவள். கதவு இல்லை என்றதும் கூடம் கொதித்தது. சிறுநீரகப் பிரிவு செவிலியர் ராமிஸ் எழுந்து நின்றார்.

"எட்டு வருஷம் வயித்தக் கட்டிச் சேத்தோம். போறவன் வர்றவன் எல்லாம் நம்ம வாசல்ல வண்டிய நிறுத்துறதுக்கா? போன வருஷம் என் கார் கண்ணாடிய ஒடைச்சு ரேடியோவத் தூக்கிட்டான். கேட்டு கண்டிப்பா வேணும்!"

"ராமிஸ் அண்ணே, உங்க வீடு எந்த மாடி?" என்று கேட்டாள் ருதைனா.

"கீழ்த்தளம். என் அம்மாவால மாடி ஏற முடியாது. அதுக்கு என்ன இப்ப?"

"கேட்டு வெச்சா சந்துக்காரங்க எடம் தரமாட்டாங்க. எடம் இல்லன்னா கழிவுநீர மோட்டார்தான் மேல தள்ளணும். கரண்ட் போச்சுன்னா, இல்ல மோட்டார் ரிப்பேர்னா, அறுபத்து நாலு வீட்டுத் தண்ணியும் மொதல்ல எட்டிப் பாக்கறது கீழ்த்தளக் குளியலறையத்தான்."

கூடம் சிரித்தது. ராமிஸ் சிரிக்கவில்லை. "பயமுறுத்தாதீங்க" என்றார். அது பயமுறுத்தலும்தான், உண்மையும்தான் என்பது ருதைனாவுக்குத் தெரியும்.

சிஸ்டர் நஜாத் மேசையைத் தட்டினாள். "ஒவ்வொரு கட்டடத்துக்கும் கீழ பூட்டு போட்ட கதவு வைக்கலாமா?"

"வைக்கலாம் சிஸ்டர். வரைபடத்துல சேத்துட்டேன். வாசல்ல விளக்கும் உண்டு."

"அப்ப ரோட்டுக்கு எதுக்குப் பூட்டு? அந்தச் சந்துலேர்ந்து நமக்கு எத்தன கேஸ் வந்துருக்கு, தெரியுமா? எல்லாம் லேட்டா வந்த கேஸ். ஏன் லேட்டுன்னு அவங்களத்தான் நான் இத்தன வருஷமாத் திட்டிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கை தூக்குங்க."

முப்பத்தாறு கை உயர்ந்தது. இருபத்தெட்டு உயரவில்லை. சாலையை நகராட்சிக்கே எழுதிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. பொதுச் சாலை ஆகிவிட்டால் பிறகு யாரும் அதில் கதவு போட முடியாது. ராமிஸ் வெளியே போகும்போது ருதைனாவின் பக்கம் திரும்பவே இல்லை. அது அவளைக் குத்தியது. அவர் கேட்டதும் தப்பான ஆசை இல்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

நகராட்சி ஏற்றுக்கொண்ட கடிதம் வர இரண்டு மாதம் ஆனது. அபூ லயால் அதை ருதைனாவிடமிருந்து வாங்கிக் கண்ணுக்கு எட்டவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார். உம் லயால் பிடுங்கி உரக்கப் படித்தாள். 'பொதுப் பயன்பாட்டுக்கான சாலை' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படித்தாள்.

"முத்திரை இருக்கா?" என்றார் அவர்.

"ரெண்டு இருக்கு."

"எனக்கும் ஒரு நிபந்தன இருக்கு" என்று ருதைனாவிடம் திரும்பினாள் உம் லயால். "பள்ளம் தோண்டினா அன்னிக்குத் தோண்டினத அன்னிக்கே மூடணும். தெருவ மொத்தமாக் கொத்திப் போட்டுட்டு மழைக்காலம் முழுக்கக் காணாமப் போற ஆளுங்கள நான் பாத்துருக்கேன்."

ருதைனா அதையும் ஒப்பந்தத்தில் எழுதவைத்தாள். ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார். எழுதியதற்குக் கையெழுத்தும் போட்டார்.

சுவரை இடிக்க ஆட்கள் வந்த அன்று, அபூ லயால் வாசலிலேயே சுத்தியலோடு நின்றார். "என் செவுரு. நான் இடிச்சாத்தான் அது குடுத்த மாதிரி. நீங்க இடிச்சா எடுத்த மாதிரி" என்றார். இரண்டு நாள் பிடித்தது. இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரையோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வாரம் தீயணைப்பு வண்டி ஏறியது. மடக்கில் ஒரே திருப்பு, உச்சிக்குப் போய்விட்டது. அதிகாரி படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டுப் போனார். அவ்வளவுதான், கைதட்டல்கூட இல்லை. ருதைனா காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

குழாய் பதிக்கக் குளிர்காலம் முழுக்க ஆனது. அன்றன்று தோண்டி அன்றன்று மூடியதில் வேலை இழுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் எங்கே வைப்பது என்ற சண்டை இன்னும் முடியவில்லை. யார் ஜன்னலுக்குப் பக்கத்திலும் அது வரக்கூடாதாம். ஆனாலும் பாதாம் மரங்கள் பூத்த வாரத்தில் கழிவுநீர்க் குழாயைச் சோதித்துப் பார்க்க நாள் குறித்தார்கள். மேலே முதல் குழியில் பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். கீழே கடைசிக் குழியில் அது வந்து சேர வேண்டும்.

கூட்டுறவின் சார்பில் ஊற்ற வந்தவர் ராமிஸ். வேறு யாருக்கும் அன்று விடுப்பு இல்லையாம். ருதைனா கீழே நின்றாள். சந்தில் இருந்த பெண்கள் எல்லாரும் வந்து குழியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

அவள் கணக்குப்படி ஆறு நிமிடம். எட்டு ஆனது. பத்து ஆனது. எங்காவது குழாய் எதிர்ச்சரிவாகப் போயிருந்தால்? மூட்டு விட்டிருந்தால்? மூடிய சந்தை மறுபடி தோண்டுவதா?

"என்னம்மா, மேலயே குடிச்சிட்டாங்களா?" என்றாள் உம் லயால்.

ருதைனா செல்பேசியை எடுத்து ராமிஸைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஊத்தினீங்களா?"

"ஊத்தி இப்பத்தான் அஞ்சு நிமிஷம் ஆகுது. மூடியத் தூக்க முடியல. உங்க அபூ லயால்தான் ஏறி வந்து ஒரு கை குடுத்தாரு. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம்..." பின்னால் அபூ லயாலின் குரல் கேட்டது: "என் வாய்க்கு என்னய்யா?"

அவர்கள் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே குழிக்குள் சலசலப்புக் கேட்டது. முதலில் மெல்லிய கோடாக, பிறகு கையகலத்துக்கு, பளிச்சென்ற பச்சை.

"வந்துடுச்சு!" என்று ஒருத்தி கத்தினாள். சந்து முழுக்கக் குலவை எழுந்தது, ஒரு சாக்கடைக் குழாய்க்கு! உம் லயால் அந்தச் சத்தத்துக்கு நடுவே ருதைனாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்க வீட்ட எப்பம்மா சேப்பீங்க?"

"நாளைக்கு" என்றாள் ருதைனா. "மொத வீடு உங்களுதுதான்."