முதல் நிரையை எடுத்தது யார்?

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில், முன் சீட்டு மனுஷன் பக்கத்து ஆளிடம் ஒரு தத்துவஞானியைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். "அவரையெல்லாம் முதல் பக்கத்துல இருந்து வாசிக்கக் கூடாதுங்க. நடுவுல இருந்துதான் பிடிக்கணும்." அந்த ஞானியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தப்பாக எழுதினால் நாலு பேர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

2

தொடக்கம்: "மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது கலைச்செல்வி..."

வேண்டாம். தோட்டத்துக் கதை என்றால் பனி இறங்கியே ஆகவேண்டுமா? அன்றைக்கு நல்ல வெயில்.

கலைச்செல்வி ஏ.எல். பரீட்சை முடித்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை வேலை கேட்டிருந்தாள். பள்ளி அதிபர் ஏழுமலை சேர் கையெழுத்து வைத்தால் வேலை. முன் சீட்டு மனுஷன் அவர்தான். கலைச்செல்வி போகும் வாசகர் வட்டத்தின் தலைவரும் அவரேதான். (கதைக்காக நான் முடிச்சுப் போடவில்லை. ஊரில் எல்லா நாற்காலியிலும் ஒரே ஆள்தானே இருக்கிறார்?)

3

வட்டத்தில் ஆட்கள் ஐந்து பேர், ஞானியின் புத்தகமோ ஒன்று. தேயிலை மலையில் கொழுந்தெடுக்க ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, விடுவதுபோல சேர் புத்தகத்தையும் பிரித்துவிட்டார். "ஆளுக்கொரு நிரை எடுத்தா மலை முடிஞ்சிரும், ஹரிதானே?" (ஹரி என்றால் சிங்களத்தில் சரி.) மலை முடியும். தத்துவம் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. முதல் நிரையை அவரே எடுத்துக்கொண்டார், ஆரம்பம்தான் கஷ்டமாம்.

கலைச்செல்விக்கு நான்காவது. எத்தனை தரம் வாசித்தும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் "முன்பு சொன்னதுபோல" என்று வேறு இருந்தது. முன்பு என்னதான் சொன்னார்? புத்தகத்தைப் பிரித்து போட்டோ கொப்பி அடித்துக்கொடுத்த ஷிப்னாவின் டவுன் கடைக்குப் போனாள்.

"முதல் பங்கா? இங்கதான் ஈக்கி, புத்தகமும் என்னட்டத்தான்," என்றாள் ஷிப்னா. "சேர் எடுக்க வரவே இல்ல."

அந்தத் தாள்கட்டைச் சுற்றிய நூல்கூட அவிழாமல் கிடந்தது. போன கூட்டத்தில்தான் முதல் பாகத்தைப் பற்றி சேர் ஒரு மணித்தியாலம் முழங்கியிருந்தார். கலைச்செல்வி கடையிலேயே உட்கார்ந்து அதை வாசித்து முடித்தாள். பிறகு தன் நிரையைத் திறந்தால், அட, விளங்கியது. இத்தனை நாள் தன்னையே மக்கு என்று திட்டிக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தலைப்பு: "ஞானியை எங்கிருந்து தொடங்குவது?" பேசுவது கலைச்செல்வி.

முடிவு அ: அவள் போட்டு உடைக்கிறாள், சபையே எழுந்து கைதட்— (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: "சேர் சொன்ன மாதிரி" என்று பேசி, வேலை வாங்கி, பிற்பாடு அவளும் பிள்ளைகளிடம் நடுவிலிருந்து பிடிக்கச் சொல்கிறாள். இதுதான் வழக்கமாக நடப்பது. இதையும் அடித்துவிட்டேன்.

முடிவு இ: "முதல்ல இருந்துதாங்க தொடங்கணும்," என்கிறாள். "முதல் பக்கத்துல அவர் ஒரு கேள்வி கேக்குறாரு. அதுக்கு சேர் என்ன நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைங்க."

மைக் சேர் கைக்குப் போகிறது. கையெழுத்து இன்னும் விழவில்லை.

இனி நான் எழுதமாட்டேன். அவர் இடத்தில் நீங்கள் எழுந்து நில்லுங்கள். அந்தப் பக்கத்தை நீங்களும்தான் வாசிக்கவில்லை. எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள், ம், சொல்லுங்கள்.